பெட்டை நாய்க்குப் பருவம் வரவழைக்கும் சிகிச்சை: சுங்கை சிப்புட் கிளினிக் ஒன்றின் சேவை

பருவம் வராத பெட்டையைக் கூட்டிக்கொண்டு சுங்கை சிப்புட் பட்டணத்தில் இருக்கும் இந்தக் கால்நடை கிளினிக்குக்குப் போனால், முதல் நாளே ஊசியோ மாத்திரையோ கிடைக்காது. முகப்பில் இருக்கும் உதவியாளர் கேள்விகளைத்தான் முதலில் அடுக்குவார். "அண்ணே, கடைசியா எந்தத் தேதியில ரத்தம் சொட்டுச்சு? எத்தனை நாள் இருந்துச்சு? அரிப்புக்கு ஊசி போட்டீங்களா? பருவம் வராம இருக்கணும்னு யாராச்சும் ஊசி போட்டாங்களா?" தேதி தெரியாது என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். இதைக் கேட்டு எரிச்சல்பட்டு, "காசு கொடுக்கிறோம், மருந்து கொடுக்க வேண்டியதுதானே" என்று வேறு இடம் தேடிப் போகிறவர்களும் உண்டு. அவர்கள் போகக்கூடாது என்பதற்காகவே இந்த மதிப்புரை. குறைகளையும் சேர்த்து எழுதியிருப்பதால் கிளினிக்கின் பெயரைப் போடவில்லை.

லிந்தாங் சாலைத் தோட்டங்களிலிருந்து கோலகங்சார் வரைக்கும், ஜெர்மன் ஷெப்பர்ட், ராட்வைலர், டாபர்மேன் வளர்க்கிறவர்கள் இங்கே வருகிறார்கள். கேட்பது எல்லாரும் ஒன்றைத்தான்: பருவத்தைச் சீக்கிரம் வரவழைக்க வேண்டும். ஆனால் பருவம் தள்ளிப்போகும் காரணம் நாய்க்கு நாய் வேறு. அந்தக் காரணத்தைத் தேடுகிற வேலையில்தான் இந்தக் கிளினிக் நல்ல பெயர் எடுக்கிறது.

பெட்டை நாயின் கணக்கு மாடு, ஆடு மாதிரி இல்லை. ரத்தம் சொட்டும் கட்டம் சுமார் 9 நாள், ஆணை ஏற்றுக்கொள்ளும் கட்டம் இன்னொரு 9 நாள். இரண்டுமே நாய்க்கு நாய் நிறைய கூடும், குறையும். அதற்குப் பிறகு சினையானாலும் ஆகாவிட்டாலும் இரண்டு மாதம் புரொஜெஸ்டரோன் என்ற ஹார்மோன் ரத்தத்தில் ஏறியே நிற்கும். பின்னால் நான்கைந்து மாதம் முழு ஓய்வு. ஒரு பருவத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சராசரியாக 7 மாதம். 5 மாதமும் இயல்பு, 12 மாதமும் இயல்பு. பசெஞ்சி, திபெத்திய மாஸ்டிஃப் போன்ற இனங்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான். அந்த இனத்தை வைத்துக்கொண்டு ஏழாவது மாதமே மருந்து கேட்டு வருகிறவரிடம், "இதுக்கு ஒரு குறையும் இல்லைங்க" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார் டாக்டர். கையில் வந்த வருமானத்தை விட்டுக்கொடுக்கிற இந்தக் குணத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

2 வயது தாண்டியும் ஒரு தடவைகூடப் பருவம் வராத நாய், முன்பு ஒழுங்காக வந்துகொண்டிருந்து இப்போது ஓராண்டுக்கு மேல் வராத நாய், இவை இரண்டுதான் உண்மையில் ஆராய வேண்டியவை. இங்கே முதல் வருகையில் எடுக்கும் ரத்தத்தில் பார்ப்பது புரொஜெஸ்டரோன் அளவு. மில்லிக்கு 2 நானோகிராமுக்கு மேல் இருந்தால் அந்த நாய் கடந்த இரண்டு மாதத்துக்குள் பருவத்துக்கு வந்து முட்டையும் விட்டிருக்கிறது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். சில பெட்டைகள் வடிகிற ரத்தத்தைத் தாமே நக்கித் துடைத்துவிடும். வீக்கமும் பெரிதாகத் தெரியாது. இரவில் கட்டு அவிழ்த்துவிடுகிற தோட்டத்து வீடுகளில் அப்படிப்பட்ட நாய் வயிற்றில் குட்டியோடுகூட இருக்கலாம். அதற்குப் பருவம் வரவழைக்கும் மாத்திரையைக் கொடுத்தால் கரு கலைந்துவிடக்கூடும். முதல் பரிசோதனையை விட்டுவிட்டு மருந்து கொடுக்கிறவரிடம் போகாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

கூடவே சில சோதனைகள். தைராய்டு அளவு. உண்ணிக் காய்ச்சலுக்கும் இதயப் புழுவுக்கும் உடனடிக் கிட். நம் ஊரில் உண்ணி இல்லாத நாய் அபூர்வம். எர்லிக்கியா என்ற உண்ணிக் காய்ச்சல் பிடித்த நாய்க்கு ரத்தத் தட்டணுக்கள் குறைந்து, பருவ ரத்தம் நிற்காமல் வடியக்கூடும். அதைச் சரிசெய்யாமல் சினைப்படுத்த முயல்வது வீண். புருசெல்லா கேனிஸ் சோதனையை மட்டும் இவர்கள் கட்டாயமாக்கியிருக்கிறார்கள்: இரண்டு நாய்க்கும் செய்யாமல் சேர்க்க அனுமதிப்பதில்லை. கருக்கலைப்புக்கும் மலட்டுத்தன்மைக்கும் பெரிய காரணம் இந்தக் கிருமி, மனிதருக்கும் தொற்றும், பிடித்துவிட்டால் நாயின் உடம்பிலிருந்து முழுதாக ஒழிப்பது மிகக் கடினம். குட்டி போடும்போது கையுறை இல்லாமல் நஞ்சுக்கொடியைத் தொடுகிற பழக்கம் நம்மிடம் இருப்பதால், இந்தக் கண்டிப்பு வீட்டாருக்கும் பாதுகாப்பு.

தத்து எடுத்த நாய் என்றால் இன்னொரு சந்தேகம்: ஏற்கெனவே கருத்தடை செய்யப்பட்டிருக்குமோ? வயிற்றுத் தழும்பு காலப்போக்கில் மறைந்துவிடும். ஏஎம்எச் என்ற ஹார்மோன் சோதனை, சினைப்பை உள்ளே இருக்கிறதா என்று சொல்லிவிடும். மாதக்கணக்கில் மருந்து கொடுத்த பிறகு இது தெரியவருவதைக் காட்டிலும் முதலிலேயே கேட்டுவிடுவது மேல்.

இனி மருந்து. இங்கே முதல் தேர்வு கேபர்கோலின். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் குறைக்கும் மருந்து இது. ஓய்வுக் காலத்தின் கடைசிப் பகுதியைச் சுருக்கி, அடுத்த பருவத்தை முன்னால் இழுக்கிறது. நாய்களுக்கென்றே காலாஸ்டாப் என்ற பெயரில் சொட்டு மருந்தாக வருகிறது. அதன் அட்டையில் எழுதியிருக்கும் பயன் பொய்ச் சினைக்கும் பால் வற்றுவதற்கும்தான். பருவம் வரவழைக்கக் கொடுப்பது அட்டையில் இல்லாத பயன், அதனால் டாக்டரின் பொறுப்பில் மட்டுமே கொடுக்க வேண்டியது. இதை டாக்டர் ஒளிக்காமல் சொல்லி, ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறார்.

அளவு, ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 5 மைக்ரோகிராம், வாய்வழி, ஒரு வேளை. சொட்டு மருந்தில் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் இருப்பதால் கிலோவுக்கு 0.1 மில்லி. 24 கிலோ ஷெப்பர்டுக்கு 2.4 மில்லி. 15 மில்லி பாட்டில் ஆறே நாளில் தீர்ந்துவிடும். மருந்து கொடுக்க வேண்டியதோ நாய் பருவத்துக்கு வரும் வரைக்கும். சிலதுக்கு ஒரு வாரம், சிலதுக்கு ஒரு மாதம். பெரிய நாய்க்குச் சொட்டு மருந்து கட்டுப்படியாகாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும். ஆகவே மனிதருக்கான 0.5 மில்லிகிராம் மாத்திரையை எழுதிக் கொடுக்கிறார்கள். ஒரு மாத்திரை 500 மைக்ரோகிராம். கால் துண்டு 125. 24, 25 கிலோ நாய்க்கு அது சரியாகப் பொருந்தும்.

மாத்திரையை நறுக்கிக் காட்டுவதை இவர்கள் ஒரு சடங்கு மாதிரி நிதானமாகச் செய்கிறார்கள், செய்யவும் வேண்டும். மாத்திரை அரிசிமணியைவிடச் சற்றுப் பெரிது. நடுவில் மட்டும் கோடு உண்டு. பாதி சுலபமாக உடையும், பாதியைப் பாதியாக்கும்போது ஒரு பக்கம் நொறுங்கிப் பொடியாகிவிடும். மாத்திரை வெட்டும் சிறு பெட்டியில் வைத்து ஒரே அழுத்தாக அழுத்த வேண்டும். காய்கறிக் கத்தி உதவாது. இரண்டு கால் துண்டு ஒன்றுபோல் வராவிட்டால் ஒரு நாள் சற்று கூடும், மறுநாள் குறையும், அதனால் கெடுதி இல்லை. மீதியை ஈரம் படாமல் மாத்திரையோடு வந்த புட்டியிலேயே வைக்க வேண்டும். மூடியில் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொருளை எடுத்து எறியக்கூடாது. கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டில் கர்ப்பிணியோ பால் கொடுக்கும் தாயோ இருந்தால் அவர்கள் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

5 கிலோ எடைகொண்ட சிறு நாய்க்குத் தேவை 25 மைக்ரோகிராம். மாத்திரையை இருபதாக நறுக்க யாராலும் முடியாது. ஒரு மாத்திரையை 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் மில்லிக்கு 50 மைக்ரோகிராம் ஆகும். அரை மில்லியை உறிஞ்சிக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். கரைத்த மருந்து தண்ணீரில் நிலைக்காது, வீரியம் இழந்துவிடும். கரைத்ததை ஐஸ்பெட்டியில் வைத்து ஒரு வாரம் கொடுத்துவிட்டு "மருந்து வேலை செய்யலே" என்று வருகிறவர்கள் இங்கே வாடிக்கை. சிறு நாய்க்கு எண்ணெய்த் தன்மையுள்ள சொட்டு மருந்தே நல்லது. அதைப் பாலிலோ தண்ணீரிலோ கலக்காமல் நேராக வாயில் விட வேண்டும். பாட்டிலை 25 பாகைக்கு மேல் சூடு ஏறும் இடத்தில் வைக்கக்கூடாது. தகரக் கூரை வீட்டில் அதற்கு இடம் தேடுவது சிரமம்தான். தரைக்குப் பக்கத்தில், சமையல் அடுப்புக்குத் தூரமாக, மண்பானைக்குப் பின்னால் வைக்கச் சொல்கிறார் உதவியாளர். இது நல்ல யோசனை.

முதல் இரண்டு மூன்று நாள் வாந்தி வரலாம், சாப்பாட்டில் மனம் போகாமலும் இருக்கலாம். சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் குறையும். வாந்தியை நிறுத்த மெட்டோகுளோப்ரமைடு கொடுத்துவிட்டால் கேபர்கோலினின் வேலையே அடிபட்டுப்போகும், இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர். வேறு கிளினிக்கில் வாந்திக்கு மருந்து வாங்கும்போது இதைச் சொல்லியே ஆக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் கொடுக்கும்போது வெளிர் நிற நாய்களுக்கு முடியின் நிறம் மாறலாம். அடுத்த முடி உதிர்வில் பழையபடி ஆகிவிடும்.

ரத்தம் சொட்ட ஆரம்பித்த நாளை எழுதி வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு இரண்டு நாள் வரைக்கும் கொடுத்துவிட்டு நிறுத்த வேண்டும். இதில்தான் ஆபத்தான தவறு நடக்கிறது. "இன்னும் நல்லா வரட்டும்" என்று மாத்திரை தீரும் வரை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். சினையின் பிற்பாதியில் கருவைத் தாங்கும் புரொஜெஸ்டரோனைக் காப்பாற்றுவது புரோலாக்டின்தான். அதைக் குறைக்கும் மருந்து அந்த நேரத்தில் உள்ளே போனால் சினை நிற்காது. மிஞ்சிய மாத்திரையைக் கிளினிக்கிலேயே திருப்பி வாங்கிக்கொள்வது இந்தச் சேவையில் நமக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். கடைசிப் பருவம் முடிந்து நான்கைந்து மாதம் ஆகாத நாய்க்கு இவர்கள் மருந்து தருவதில்லை. கருப்பையின் உட்சுவர் பழையபடி ஆக முட்டை விட்ட நாளிலிருந்து 120 முதல் 150 நாள் வேண்டும். அதற்குள் இழுத்து வந்தால் ரத்தம் சொட்டும், ஆணையும் ஏற்கும், ஆனால் கரு பதியாது. கருப்பையில் சீழ் பிடிக்கும் அபாயமும் கூடும். ஆண்டுக்கு இரண்டு ஈத்து எடுத்து விற்க வேண்டும் என்ற கணக்கோடு வருகிறவர்களுக்கு டாக்டர் முகத்துக்கு நேராக முடியாது என்கிறார். குட்டி போட்டுப் பால் கொடுத்து எலும்பும் தோலுமாக நிற்கும் தாய்க்கு மறுபடியும் மருந்து ஏற்றுவது பாவம். அந்த நாயின் கண்ணைப் பார்த்தாலே நமக்குப் புரியும்.

அடுத்த வழி டெஸ்லோரெலின் என்ற பதியம், அதாவது தோலுக்கு அடியில் பதித்து வைக்கும் மருந்து. மாத்திரைக்கு இணங்காத நாய்க்கும், தேதி குறித்துப் பருவம் வேண்டியவர்களுக்கும் இதைப் பேசுகிறார்கள். சுப்ரெலோரின் என்ற பெயரில் 4.7 மில்லிகிராம் அளவில் வருகிறது. ஆண் நாயின் விந்தை அடக்குவதற்காகச் செய்யப்பட்ட பொருள். ஆண் நாயில் அடக்கும் அதே மருந்து, பெட்டையில் முதல் சில நாள் மூளையடிச் சுரப்பியை உசுப்பிவிடும். அந்த முதல் உசுப்பலைத்தான் பயன்படுத்திக்கொள்கிறோம். பதித்த ஒரு வாரத்துக்குள் பெரும்பாலும் ரத்தம் சொட்டத் தொடங்கும். இரண்டு வாரம் வாக்கில் முட்டை வெளிவரும். கேபர்கோலினை எடுத்துக்கொண்டால் நாள் குறிக்க முடியாது, இதில் ஓரளவுக்கு முடியும்.

ஆனால் பதியத்தை உள்ளேயே விட்டால் உசுப்பல் முடிந்து அடக்கம் தொடங்கிவிடும், புரொஜெஸ்டரோன் பாதியில் சரிந்து சினை கலையும். அதனால் முட்டை வெளிவந்தது ரத்தத்தில் உறுதியான கையோடு பதியத்தை எடுக்க வேண்டும். தோள்பட்டை நடுவில் கொழுப்புக்குள் போட்டுவிட்டால் திரும்பக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. தொப்புளுக்குப் பக்கத்தில், தோல் மெலிதான இடத்தில் போட்டால் விரலால் தடவினாலே அரிசி மாதிரி தட்டுப்படும். மரத்துப்போக ஊசி போட்டு, சிறு கீறலில் வெளியே தள்ளிவிடலாம். இவர்கள் தொப்புள் பக்கமே போடுகிறார்கள். எடுத்த பதியத்தை ஒரு சிறு தட்டில் வைத்து உடைந்த துண்டு உள்ளே நிற்கவில்லை என்று உரிமையாளருக்குக் காட்டுகிறார்கள். பதியத்தை ஒழுங்காக எடுத்த நாய்க்குக்கூட சில சமயம் புரொஜெஸ்டரோன் சரிவது உண்டு. ஆகவே சினையை நிலைநிறுத்துவதில் கேபர்கோலினே நம்பகமானது. பதியம் இவர்களிடம் கையிருப்பில் இருக்காது, சொல்லி வைத்து வரவழைக்க வேண்டும்.

பன்றிப் பண்ணைக்கான ஊசியை இவர்கள் போடுவதில்லை. குதிரையின் கர்ப்ப ஹார்மோன் 400 யூனிட்டும் மனிதக் கர்ப்ப ஹார்மோன் 200 யூனிட்டும் சேர்ந்த மருந்து அது. பண்ணைக்காரர் மூலம் வாங்கிப் போட்டுக்கொள்கிற நாய் வளர்ப்பவர்கள் உண்டு. வேலை செய்யும், மறுப்பதற்கில்லை. ஆனால் சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு ஈஸ்ட்ரஜன் ஏறினால் எலும்பு மஜ்ஜை பாதிக்கும், நாய் வெளுத்து ரத்தசோகையில் சாகக்கூடும். சினைப்பையில் நீர்க்கட்டி வரும். உடம்பு அந்த அந்நியப் புரதத்துக்கு எதிர்ப்பொருள் செய்துகொள்ளும், அதனால் இரண்டாம் முறை பலிக்காது, அல்லது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை வரும். ஈஸ்ட்ரஜன் மாத்திரையைக் கொடுத்துப் பருவம் வரவழைக்கும் பழைய முறைக்கும் மஜ்ஜை ஆபத்தும் சீழ் ஆபத்தும் உண்டு. மருந்துக்கு உரிய பண்ணை மிருகம் வேறு, வீட்டு நாய் வேறு.

பருவம் வந்த பிறகு என்ன நடக்கிறது என்பதே இந்தச் சேவையின் உயிர். பில்லைப் பார்த்தால் பாதிக்கு மேல் ரத்தப் பரிசோதனைக்குப் போயிருக்கும். முணுமுணுக்காமல் கொடுக்க வேண்டிய காசு அது. 11, 13 ஆம் நாளில் சேர்க்க வேண்டும் என்ற பழைய கணக்கு பாதி நாய்க்கு ஒத்துவராது. ஒரு நாய் ரத்தம் சொட்டிய ஐந்தாம் நாளே முட்டை விடும், இன்னொன்று இருபத்தைந்தாம் நாள். மருந்தால் வந்த பருவத்தில் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் கூடுதல்.

ரத்தம் சொட்டிய ஐந்தாம் நாள் வாக்கில் தொடங்கி, இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை புரொஜெஸ்டரோன் பார்க்கிறார்கள். 1 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. 2 முதல் 3 வந்தால், முட்டையை வெளிவரச் செய்யும் எல்எச் ஹார்மோன் எழும்பிவிட்டது. இன்னும் இரண்டு நாளில் முட்டை வெளிவரும். சுமார் 5 தாண்டினால் முட்டை வெளியே. நாயின் முட்டை பழுக்காத நிலையில் வெளிவருகிறது, பழுக்க இன்னும் இரண்டு மூன்று நாள் வேண்டும். ஆகவே முட்டை வெளிவந்த இரண்டாம் நாளும் நான்காம் நாளும் சேர்க்கச் சொல்கிறார்கள். குட்டி போடும் தேதி முட்டை வெளிவந்த நாளிலிருந்து 63, ஒரு நாள் முன்பின். சேர்த்த நாளிலிருந்து எண்ணிப் பழகியவர்கள் இதை மாற்றிக்கொண்டால் தேவையில்லாத அறுவைச் சிகிச்சையிலிருந்து நாய் தப்பும்.

இடையில் குச்சிப் பஞ்சால் யோனிச் சுவரைத் தடவி, கண்ணாடித் தகட்டில் பூசி, சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். உருண்டையாக, நடுவில் பெரிய கருவோடு இருந்த செல்கள் நாளடைவில் தட்டையாகி, ஓரம் மடிந்து, காய்ந்த சருகு மாதிரி ஆகிவிடும். பத்தில் ஒன்பது சருகாகிவிட்டால் பருவம் உச்சத்தில். செலவு குறைவான சோதனை. ஆனால் முட்டை வெளிவந்ததா என்று அது சொல்லாது. டாக்டர் கேட்டால் நுண்ணோக்கியில் நம்மையும் பார்க்கவிடுகிறார். ஒரு முறை அவசியம் பாருங்கள்.

ரத்தம் எடுக்கும் முறையிலும் இவர்கள் கவனமானவர்கள். ஜெல் இல்லாத வெறும் சிவப்பு மூடிக் குழாய். எடுத்ததும் ஐஸில் போடுவதில்லை. பிரிக்காத ரத்தத்தை முதல் இரண்டு மணி நேரம் குளிரில் வைத்தால் புரொஜெஸ்டரோன் அளவு குறைத்துக் காட்டும். அறை வெப்பத்தில் உறையவிட்டு, இயந்திரத்தில் சுழற்றி, மேலே தெளிந்து நிற்கும் வைக்கோல் நிறச் சீரத்தை வேறு குழாயில் மாற்றிய பிறகே குளிர்ப்பெட்டி. ஜெல் உள்ள குழாயில் நின்றால் ஜெல் ஹார்மோனை உறிஞ்சிவிடும். இந்தச் சின்னச் சின்ன விஷயங்களில் தவறும் இடங்களில் 5 இருக்க வேண்டிய எண் 3 என்று வந்து, சேர்க்கும் நாள் தள்ளிப்போய், குட்டி இல்லாமல் போகிறது. பழி என்னவோ நாயின் மேல் விழும்.

இப்போது குறைகள். கிளினிக்கில் சொந்த ஹார்மோன் இயந்திரம் இல்லை. சீரம் ஈப்போ ஆய்வகத்துக்குப் போகிறது, முடிவு மறுநாள் மத்தியானம்தான். சனிக்கிழமை எடுத்த ரத்தத்துக்கு திங்கள் வரை பதில் கிடையாது. எண் வேகமாக ஏறும் கட்டத்தில் இரண்டு நாள் இருட்டில் நிற்பது பெரிய குறை.

இன்னொன்று இதைவிட மோசம். ஆய்வக அறிக்கை சில நேரம் நானோகிராமிலும் சில நேரம் நானோமோலிலும் வருகிறது. மில்லிக்கு 1 நானோகிராம் என்பது லிட்டருக்கு 3.18 நானோமோல். நானோமோலில் 6 என்று வந்ததை நானோகிராம் என்று படித்தால் முட்டை வெளிவந்துவிட்டது என்று ஆணைக் கூட்டிவந்துவிடுவார்கள். உண்மையில் அது 1.9 தான், முட்டை வெளிவர இன்னும் நாள் இருக்கிறது. நானோமோலில் 16 வாக்கில் வந்தால்தான் 5 நானோகிராம். கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் உதவியாளர் வெறும் எண்ணை மட்டும் அனுப்புகிறார். அளவின் பெயரையும் சேர்த்து அனுப்பும்படி கேளுங்கள், அறிக்கையின் படத்தையே அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

மருந்துத் தாள் ஆங்கிலத்திலும் மலாயிலும் மட்டும் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப்பேர் தமிழ்ப்பள்ளியில் படித்த தோட்டத்துப் பெரியவர்கள். "ரத்தம் சொட்டி இரண்டு நாள் ஆனதும் நிறுத்தவும்" என்ற ஒரு வரியையாவது தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்க வேண்டும். நேரில் பொறுமையாகச் சொல்கிறார்கள் என்பது உண்மை, ஆனால் வீட்டில் மருந்து கொடுப்பது வந்தவராக இருப்பதில்லை.

சேர்த்த பிறகு விட்டுவிடுவதில்லை என்பது நல்ல விஷயம். 25 முதல் 28 ஆம் நாளுக்குள் ஸ்கேன். 55 ஆம் நாளுக்கு மேல் குட்டிகளை எண்ண எக்ஸ்ரே. பதியம் வைத்த நாய்க்கு மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை புரொஜெஸ்டரோன். 5 க்குக் கீழே இறங்கினால் உடனே கூப்பிடுகிறார்கள், 2 க்குக் கீழே நின்றால் சினை தாங்காது. வெளியிலிருந்து ஹார்மோன் கொடுத்துத் தாங்கலாம். தவறான நேரத்தில் கொடுத்தால் பெண் குட்டிகளின் உறுப்பு கெடும், பிரசவம் தள்ளிப்போகும் என்பதால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறார் டாக்டர்.

சினையாகாத நாயையும் பருவம் முடிந்து இரண்டு மாதம் கண்காணிக்க வேண்டும். அதிகமாகத் தண்ணீர் குடிப்பது, அடிக்கடி சிறுநீர் கழிப்பது, சாப்பிடாமல் படுப்பது, பின்புறம் நாற்றமடிக்கும் கசிவு, இவை கருப்பையில் சீழ் பிடித்ததன் அடையாளம். கசிவே இல்லாமல் வயிறு மட்டும் உப்புவது இன்னும் ஆபத்து, கருப்பையின் வாய் மூடிக்கொண்டு சீழ் உள்ளே நிற்கிறது. இரவில் கண்டால் காலை வரை காத்திருக்கக் கூடாது. இந்தக் கிளினிக்குக்கு இரவு நேரம் கிடையாது, ஈப்போவில் திறந்திருக்கும் கிளினிக்கின் எண்ணை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பருவம் வந்தது, ஒரு குட்டியும் இல்லை என்று குறைப்படுகிறவர்கள் ஆண் நாயைச் சோதித்தார்களா என்று முதலில் கேட்க வேண்டும். நீண்ட நாள் சும்மா இருந்த ஆணின் முதல் விந்தில் செத்த அணுக்களே அதிகம் இருக்கும். காய்ச்சல் வந்து தேறிய ஆணுக்கு விந்து பழையபடி ஆக இரண்டு மாதம் வேண்டும். இங்கே விந்து சோதனை உண்டு, நம் ஆள்கள் அதைக் கேட்பதே இல்லை.

போகும்போது நாயின் எடையையும், பழைய பருவத் தேதிகள் எழுதிய நோட்டையும், போட்ட ஊசிகளின் அட்டையையும் கொண்டு போங்கள். அரிப்புக்குப் போட்ட ஸ்டீராய்டு ஊசியே பருவத்தைத் தள்ளிவைத்திருக்கலாம். அப்படியானால் மருந்தே வேண்டாம், காத்திருந்தால் போதும். ரத்தம் சொட்டத் தொடங்கிய அன்றே கிளினிக்கைக் கூப்பிட்டு, சோதனை நாள்கள் வார நடுவில் விழும்படி கேட்டு வாங்குங்கள். உச்சக் கட்டம் வார இறுதியில்தான் விழும் என்று தெரிந்தால், சொந்த இயந்திரம் வைத்திருக்கும் ஈப்போ கிளினிக் ஒன்றில் முதல் சோதனையிலிருந்தே ஆரம்பித்துவிடுங்கள். இயந்திரத்துக்கு இயந்திரம் எண் மாறும். பாதி இங்கே, பாதி அங்கே என்று பார்த்தால் எந்த எண்ணை நம்புவது என்றே தெரியாது.